படுத்து எழும்பும் கார்

நெய்யூர்ப் பக்கம் ஒரு பழைய ஜெர்மன் கார் விலைக்கு வருகிறது என்று கேள்விப்பட்டு, காலையிலேயே பார்க்கப் போனேன். சொந்தக்காரர் என்னைவிடப் பத்து வயது மூத்தவராக இருப்பார். வீட்டில் நிற்கும்போதும் சட்டைப் பட்டனைக் கழுத்துவரை போட்டிருந்தார்.

கார் வயிறு தரையில் உரசுகிற மாதிரி தாழ்ந்து கிடந்தது. அந்த வகைக் கார்களில் ஸ்பிரிங்குக்குப் பதிலாகக் காற்றுப் பைகள்தான் எடையைத் தாங்கும். பை கசிந்தால் ராத்திரியோடு வண்டி இறங்கிவிடும்.

விலையைக் கேட்டேன்.

"வண்டி எழும்பட்டு சாரே, பின்ன பேசலாம்."

சாவியைத் திருப்பிவிட்டு இறங்கி வந்து பக்கத்தில் நின்றார். உள்ளே எங்கேயோ காற்றடைக்கும் மோட்டார் முனகியது. முதலில் பின்பக்கம், பிறகு முன்பக்கம் என்று கார் மெதுவாக உயர்ந்தது. முழுக்க உயர்ந்ததும் பானெட்டைத் தட்டிக்கொடுத்தார்.

நான் விவரம் தெரிந்தவன்போலச் சொன்னேன். "பையை மாத்திட்டா இந்தத் தொந்தரவே இருக்காது. நல்ல விலைக்கும் போகும்."

"மெக்கானிக்கும் அதத்தான் சொன்னான். மாத்தினா பின்ன அது படுக்காதுல்லா? காலையில நான் எழுப்பதுக்கு இந்த வீட்டுல வேற யாரு இருக்கா?"

அதற்குமேல் விலைப்பேச்சு வரவில்லை. பால் விடாத கட்டன்சாயா தந்தார். குடித்துவிட்டு வந்தேன்.

பிறகு வேறொரு கார் வாங்கினேன். குறை சொல்ல முடியாத வண்டி. வடசேரியில் நான் தனியாக இருக்கும் வீட்டின் முன்னால், ராத்திரி விட்டது விட்டபடியே காலையிலும் நிற்கிறது.