ஏரிக்கரையில் கேட்ட சத்தம்

எங்கள் வீட்டில் எல்லாருக்கும் பாம்புச் செவி. காரணம் நான்தான். பிறவியிலேயே என் எலும்புகள் லேசில் முறிபவை; பலமாகத் தும்மினால்கூட விலாவில் ஒன்று போய்விடும். எங்கே "டக்" என்று கேட்டாலும், அது ஜன்னல் தாழ்ப்பாளாகவே இருந்தாலும், முதலில் என்னைத்தான் திரும்பிப் பார்ப்பார்கள். தெப்ராவில் தொழிற்சாலை வேலை பார்த்த அப்பா, சிம்பாங் ரெங்கத்தில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்ததும், சப்பாத்தைக் கழற்றும் முன்பே, "பிள்ளைக்கு ஒன்னும் ஆகலையே?" என்றுதான் கேட்பார். என்னைத் தூக்கும் உரிமையும் அவர் ஒருவருக்கே.

அப்படிப்பட்டவரிடம்தான், என்னைப் போன்ற பிள்ளைகளைக் காட்டுக்கும் ஏரிக்கும் அழைத்துப் போகும் முகாம் ஒன்றைப் பற்றி எலும்பு டாக்டர் சொல்லிவைத்தார். போயே ஆகவேண்டும் என்று அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அழுதேன், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன், அம்மாவைக் கைக்குள் போட்டுக்கொண்டேன். கடைசியில் அப்பா அரை மனதாகத் தலையாட்டினார். ஆனால் ஒரு நிபந்தனை: அங்கே ஏதாவது ஒன்று முறிந்தால் அதோடு சரி, இனி வெளியே போகும் பேச்சே எடுக்கக் கூடாது.

முகாம் குளுவாங் பக்கத்து ஏரிக்கரையில்; அப்பாவும் அம்மாவும் கூடவே வந்தார்கள். கரையில் சின்னத் துடுப்புப் படகு ஒன்று காத்திருந்தது. படகோட்டச் சொல்லித்தரும் அக்கா என் சக்கர நாற்காலிக்கு முன்னால் குந்தி உட்கார்ந்தார்.

"தங்கச்சி, உன்ன எப்படித் தூக்கணும்? நீயே சொல்லு."

அதுவரை எல்லாரும் என் தலைக்கு மேலாக அப்பாவிடம்தான் அதைக் கேட்பார்கள். எனக்கு வந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல. "கையப் புடிச்சு இழுக்காதீங்க. கக்கத்துல தூக்காதீங்க. முதுகுக்கு ஒரு கை, தொடைக்கு அடியில ஒரு கை," என்று தலைமையாசிரியை போல உத்தரவு போட்டேன். அக்கா அப்படியே தூக்கி, தலையணை வைத்த இருக்கையில் என்னை அமர்த்திவிட்டுப் பின்னால் ஏறிக்கொண்டார்.

படகு நகரவில்லை. அதன் கயிறு கரையில் நின்ற அப்பாவின் கையில் இருந்தது.

"அங்கிள், கயித்த விட்டாத்தான் போட் போகும்."

"இரு லா, இரு லா," என்று அவர் என் மிதவைச் சட்டையின் வாரை எட்டியெட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். இதற்குள் அம்மா அவருக்கு மறுபக்கமாக வந்து கரையிலிருந்தே குனிந்து, "பசிச்சா சாப்பிடு," என்று ஒரு பொட்டலத்தைத் தலையணைக்கும் என் முதுகுக்கும் நடுவில் செருகினார். நாங்கள் ஏதோ சுமத்ராவுக்கே துடுப்புப் போடப் போகிறோம் என்று நினைப்பு. நான் சாய்ந்தேன்.

"டக்."

அப்பா சப்பாத்தோடு தண்ணீரில் இறங்கிவிட்டார். இடுப்பு வரை நனைந்து, முகம் வெளுத்து, "எங்கம்மா? எங்க வலிக்குது?" என்கிறார். என்னைத் தொடவும் பயம், தொடாமல் இருக்கவும் முடியவில்லை. எலும்பு முறிந்தால் வலி சற்றுத் தாமதித்துத்தான் வரும். நானும் அதற்காக மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். எலும்பைப் பற்றி எனக்குக் கவலையில்லை. ஏரி போச்சே என்பதுதான் கவலை.

வலி வரவில்லை. ஓம வாசனை வந்தது.

"அலமாக்! ஐயோ, ஏங்க, அது முறுக்குங்க!" என்று அம்மா கரையிலிருந்து கத்தினார்.

அக்கா சிரித்த சிரிப்பில் படகே ஆடியது. எனக்கு உயிர் திரும்பி வந்தது. அப்பா மட்டும் சிரிக்கவில்லை. கால்சட்டைப் பையிலிருந்து கைப்பேசியை எடுத்தார். அதிலிருந்து தண்ணீர் ஒழுகியது.

"உடைஞ்சது முறுக்குதான்பா. நான் போலாமா?" என்றேன், நிபந்தனையை ஞாபகப்படுத்தும் குரலில்.

அவர் கயிற்றைப் படகுக்குள் போட்டுவிட்டு, தன் கையாலேயே படகைத் தள்ளிவிட்டார்.

நான் துடுப்புப் போட்டேன்! என் கை அசைந்ததற்கு ஏரி அசைந்தது. முதுகுக்குப் பின்னால் முறுக்கு நொறுங்க நொறுங்க நடு ஏரி வரை போனோம். அங்கிருந்து திரும்பிப் பார்த்தேன். கரையில் ஒரு மரத்தடியில் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்ற அப்பா, சட்டை நுனியால் எதையோ துடைத்துக்கொண்டே இருந்தார். பாவம், கைப்பேசியைக் காயவைக்கும் அவசரத்தில்தான் என்னைச் சீக்கிரம் அனுப்பிவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன். கைப்பேசியைக் காயவைக்கிறவர் அத்தனை முறை முகத்தைத் துடைக்க வேண்டியதில்லை என்பது அப்போது எனக்குத் தெரியவில்லை.