கத்தியது யார்?

அலுவலகத் தொலைபேசியில் பேசியவர் இன்றும் என்னை "சார்" என்றார். என் குரல் ஆண்குரல் போலக் கட்டை. திருத்த வாயெடுப்பதற்குள் பழைய ஜீப் ஒன்று நினைவில் பின்னால் உருண்டது.

பள்ளி நாட்களில் நான் பயந்தவற்றுக்கு ஒரு பட்டியலே உண்டு: வருகைப் பதிவு, வாய்விட்டு வாசிப்பது, கடையில் சாமான் கேட்பது.

ஒரு விடுமுறையில், ஏலக்காய்த் தோட்ட வேலைக்குப் போன அம்மாவோடு கம்பம் ஊரிலிருந்து ஜீப்பில் மலையேறினேன். ஜீப் நிறையப் பெண்கள். டீசலும் ஈரச்சாக்கும் மணந்தன. வளைவில் எதிரே லாரி வரவும் டிரைவர் அண்ணன் ஜீப்பைப் பின்னால் எடுத்தார். பின்பக்க ஓரத்தில் இருந்த எனக்கு மட்டும் தெரிந்தது: சாலை முடிந்துவிட்டது. கீழே பனிமூட்டம் மட்டுமே.

"நிப்பாட்டு!"

ஜீப் குலுங்கி நின்றது. சக்கரத்தடியிலிருந்து ஒரு கல் உருண்டது. அது கீழே விழுந்த சத்தம் கேட்கவேயில்லை.

டிரைவர் இறங்கிப் பார்த்து வெளிறிப்போனார். "எந்த ஆம்பள கத்துனது?"

"ஒன்னத் தவிர இங்கன ஏதுய்யா ஆம்பள? மலைச்சாமிதேன் கத்திருக்கும்," என்றாள் ஓர் அக்கா. எல்லோரும் கைகூப்பினார்கள்.

சாமி என்றே விட்டிருக்கலாம். வாயைத் திறந்தால் சிரிப்பார்கள். பள்ளத்தைவிட அது பயமாக இருந்தது.

"நாந்தேண்ணே."

"ஆத்தாடி, இவ தொண்டைக்குள்ள லாரியில்ல ஓடுது!" என்றாள் அக்கா. ஜீப்பே சிரித்தது. பயந்ததுதான் நடந்தது, எனக்கு ஒன்றும் ஆகவில்லை. பற்கள் கிடுகிடுக்க நானும் சிரித்தேன்.

"சார், லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன். சார் இல்ல, மேடம்," என்றேன்.