நாலரை அடிப் பாலம்

தலைச்சோலை காப்பித் தோட்டத்தில் கூலிக்காரர் குடியிருக்கும் லயத்துக்குப் போகும் வாய்க்கால் பாலத்தைக் கட்டியவன் மனுவேல் கொத்தனார், அதாவது நான். ஆனால் யாரைக் கேட்டாலும் ‘வீராயி பாலம்’ என்கிறார்கள். எனக்கு வயிற்றெரிச்சல்தான். இருந்தாலும் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

வீராயி காப்பிப் பழம் பறிப்பவள். தாத்தா காலத்தில் கீழேயிருந்து மலையேறி வந்த குடும்பம். வாய் இருக்கிறதே, அப்பப்பா! எண்பத்து மூன்றாம் வருஷம் இந்தப் பாலத்து வேலைக்கு என்னிடம் சித்தாளாக வந்தாள்.

ஓவர்சியர் தந்த வரைபடத்தில் இருந்தது சின்னப் பாலம். இரு கரையிலும் கருங்கல் சுவர், மேலே ஒவ்வொன்றும் ஒன்றரை அடி அகலத்தில் மூன்று பலகைக்கற்கள், ஆக நாலரை அடி. ஆள் நடக்கலாம், ஜீப் வராது.

“ஜீப்பு வராட்டி என்னத்துக்குங்க பாலம்?” என்றாள் வீராயி. அவள் மகள் தனலட்சுமி அப்போது ஏழு மாதக் கர்ப்பிணி. மகளின் முதல் பிரசவத்தில் கட்டிலோடு தூக்கிப் போய், வாய்க்காலைத் தாண்டுவதற்குள் பிள்ளை போய்விட்டது. அதை நினைத்தால் எனக்கும் வேதனைதான். ஆனால் படத்தை மாற்ற நான் யார்?

அஸ்திவாரத்துக்கு முளைக்குச்சி அடித்து நூல் கட்டினேன்; தோண்ட இரண்டு நாள் ஆனது. நான் டீ குடிக்கப் போன நேரம் பார்த்து, அந்த இரண்டு நாளும் வீராயி நாளுக்கு ஒரு முழம், அதாவது ஒன்றரை அடி, குச்சிகளைத் தள்ளி அடித்திருக்கிறாள்! சுவர் எழும்பி மூன்று கல்லையும் வைத்த பிறகுதான், மூன்றடி நீளத்துக்குச் சுவர் மேலே கல் இல்லாமல் மொட்டையாக நிற்பது தெரிந்தது. அடிப்பாவி! வெளியே சொன்னால் அளக்கத் தெரியாத கொத்தனார் என்று என் மானம்தான் போகும். வாயை மூடிக்கொண்டு இன்னும் இரண்டு கல்லைப் போட்டேன்.

ஓவர்சியர் ஐயாக்கண்ணு பார்வையிட வந்தார். பாலம் அகலமாக இருக்கவே ஜீப்பை லயம்வரை ஓட்டி வந்து இறங்கினார். அப்புறம் டேப்பை வைத்துப் பார்த்துக் குதித்தார்.

“ரெண்டு கல்லை இப்பவே எடுங்க!”

“எடுத்துப்போடறமுங்க. ஏனுங்க, அப்புறம் உங்க ஜீப்பு எப்படிங்க அக்கரைக்குப் போகும்?” என்றாள் வீராயி.

அவர் ஜீப்பைப் பார்த்தார், வாய்க்காலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் மேகத்தைப் பார்த்தேன்.

“நான் போன பொறகு எடுங்க.”

“சரிங்க. போறதுதான் போறீங்க, எம்புள்ளய ஆஸ்பத்திரில எறக்கி உட்டுருங்க, நாள் நெருங்கிருச்சு. அவ கொழந்தையோட திரும்பி வந்ததும் எடுத்துப்போடறமுங்க.”

பத்தாம் நாள் அதே ஜீப் பாலத்தைத் தாண்டி வந்தது. பின்னால் தனலட்சுமி. முன் சீட்டில் ஓவர்சியர், மடியில் துணி சுற்றிய பெண் குழந்தை. கல்லைப் பற்றி அவர் மூச்சே விடவில்லை.