மைத்துனனின் பச்சை லேசரும் என் மலிவு மீட்டரும்

என்னிடம் ஒரு லேசர் பவர் மீட்டர் இருக்கிறது. லேசர் ஒளி எவ்வளவு சக்தியோடு வருகிறது என்று அளந்து சொல்லும் கருவி. ஆராய்ச்சிக்கூடங்களில் வாங்குவது ஒரு ஸ்கூட்டர் விலை இருக்கும். என்னுடையது என்னைப் போன்ற பொழுதுபோக்குக்காரர்களுக்கானது. அந்த ஸ்கூட்டரின் டயர் விலைதான். கறுப்பு பூசிய வட்டத் தகடு, சின்னத் திரை, அவ்வளவே. லேசர் பட்டால் தகடு சூடாகும். அந்தச் சூட்டை வைத்து மீட்டர் ஓர் எண்ணைக் காட்டும்.

வாங்கியது மரவேலைக்காக. எங்கள் தீவில், மரைன் ஹில் குவார்ட்டர்ஸின் பின்கட்டில் ஒரு லேசர் எந்திரத்தை வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் பலகைகளில் பெயர் பொறிப்பேன். எந்திரம் வரவர மங்கலாகப் பொறித்தது. கோளாறு லேசரிலா மரத்திலா என்று தெரிந்துகொள்ள மீட்டருக்குச் சொல்லிவைத்தேன். மெயின்லேண்டிலிருந்து கப்பலில் அது வந்து சேர்வதற்குள், லென்ஸில் புகை படிந்திருப்பதைப் பார்த்துத் துடைத்துவிட்டேன். எந்திரம் சரியாகிவிட்டது.

வந்த மீட்டரைச் சும்மா வைத்திருக்க மனம் வரவில்லை. ஃபேன் காற்று பட்டால் எண் ஆடும் என்பதால் ஃபேனை அணைத்துவிட்டு எதையாவது அளந்துகொண்டிருந்தேன்.

"இப்ப என்னாத்த அளக்கிறீங்க?" என்றாள் மனைவி, வியர்வையைத் துடைத்துக்கொண்டே.

"மூச்சை. பன்னிரண்டு மில்லிவாட் காட்டுது."

அவள் ஃபேனைப் போட்டாள்.

அந்த வாரம்தான் அவளுடைய தம்பி வந்தான். அக்காவும் தம்பியும் கட்சால் தீவில் ரப்பர்த் தோட்டத்து லயத்து வீட்டில் வளர்ந்தவர்கள். இப்போது அவன் எங்கள் தீவிலேயே பெரார்கஞ்சில் நெல் போடுகிறான். கதிர் பால் பிடிக்கும்போது கிளிகள் கூட்டமாக இறங்கிவிடும். அவற்றை விரட்ட ஒரு பச்சை லேசர் வாங்கியிருந்தான். பேனா அளவு டார்ச். ஐந்து மில்லிவாட்டுக்குக் குறைவு என்று அதன்மேல் ஒட்டியிருந்தது. அந்த அளவு என்றால் பெரிய ஆபத்தில்லை.

"காலையில ஒரு தடவ வீசுனா போதும் மச்சான், எல்லாம் பக்கத்து வயலுக்குப் போயிரும்" என்றான். பக்கத்து வயல்காரரிடம் இதைச் சொல்லியிருக்கவில்லை.

நான் ஃபேனை அணைத்தேன். எந்திரத்தோடு வந்த பாதுகாப்புக் கண்ணாடி ஒன்றுதான் இருந்தது. அதை மாட்டிக்கொண்டு, இரண்டு பேரையும் சுவர்ப்பக்கம் திரும்பி நிற்கச் சொன்னேன். டார்ச்சைத் தகட்டில் காட்டினேன். எண் ஐந்தைத் தாண்டியது, ஐம்பதைத் தாண்டியது, இருநூறுக்கு மேல் போய் நின்றது. மறுபடி செய்து பார்த்தேன். அதே எண்தான்.

"மீட்டர் கராப் ஆயிருக்கும் மச்சான். சஸ்தா சாமான்தானே" என்று அதன் மலிவு விலையைக் குத்திக்காட்டினான். பிறகு யோசித்துவிட்டு, "அரே, நெஜமாவே இருநூறா?" என்றான். குரலில் பெருமை இருந்தது.

மனைவிக்குப் பெருமை இல்லை. "ஏன்டா, எடது கண்ணுல என்னமோ கறுப்பா தெரியுதுன்னு போன்ல சொன்னியே, எப்பலேருந்து?"

அவன் டார்ச்சைப் பார்த்தான். "பட்டன் சரியா புடிக்கல அக்கா. எரியுதான்னு திருப்பிப் பாத்தேன்."

மீட்டர் தவறாக இருக்க வேண்டும் என்று நான் ஆசைப்பட்டது அந்த ஒரு தடவைதான்.

மறுநாள் கண் டாக்டரிடம் கூட்டிப்போனேன். அவர் மலையாளி, தமிழ் நன்றாகப் பேசுவார். கண்ணுக்குள் பார்த்துவிட்டு, விழித்திரையில் சின்னத் தீப்புண் இருக்கிறது என்றார். லேசரின் சக்தி என்ன என்று கேட்டார்.

"அஞ்சு" என்றான் மைத்துனன்.

"இருநூறு" என்றேன் நான். "வீட்டு மீட்டர் சார். முன்னப்பின்ன இருபது சதவீதம் தப்பு வரலாம்."

"சொன்னத விட நாப்பது மடங்கு இருக்கு. அதுல இருபது சதவீதம் போனா என்ன, வந்தா என்ன?" என்றார் டாக்டர். அந்த மீட்டருக்கு இதைவிட நல்ல சான்றிதழை நான் கேட்டதில்லை.

புண் ஓரளவு ஆறும், முழுவதும் ஆறுமென்று உறுதி சொல்ல முடியாது என்றார். சில மாதங்களில் அந்தக் கறுப்பு சுருங்கிப் புள்ளியாகிவிட்டது. இடது கண்ணால் மட்டும் படித்தால் நடுவில் ஓர் எழுத்து காணாமல் போகிறது என்கிறான். நல்லவேளையாக அவன் அதிகம் படிப்பதில்லை. அவனே அப்படித்தான் சொல்லிக்கொள்கிறான்.

டார்ச்சை மனைவி அம்மிக்கல்லில் வைத்து நசுக்கினாள். அதன் ஒளியில் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பும் கலந்திருக்கிறதா என்று பார்க்க நினைத்திருந்தேன். அவளிடம் சொல்லவில்லை.

கிளிகளுக்கு இப்போது பளபளக்கும் நாடா கட்டியிருக்கிறான். முதல் இரண்டு நாள் பயந்தன. இப்போது அதன்மேலேயே உட்கார்ந்து தின்கின்றன. விஷயம் எப்படியோ எங்கள் தெருவுக்குத் தெரிந்துபோய், பூனைக்கு விளையாட்டுக் காட்டும் சிவப்பு லேசரோடு எதிர்வீட்டு பெங்காலி அம்மா வந்தார். அளந்தேன். நான்கு காட்டியது.

"டீக் ஹை?" என்று கேட்டார், பரவாயில்லையா என்ற அர்த்தத்தில்.

"டீக் ஹை. ஆனா பூனை கண்ணுல வேணாம்" என்றேன்.