வீட்டுக்காரிக்கு வயது ஒன்பது

தாழ்ப்பாள் போடும் சத்தம். இரும்பு இரும்போடு உரசி, கடைசியில் 'டக்' என்று நிற்குமே, அது. யார் வீட்டில் கேட்டாலும் என் முதுகு சட்டென்று நனைந்துபோன மாதிரி இருக்கும். இரண்டு வருடத்துக்கு முன், மாரி தொடங்கிய ஒரு பின்னேரம், குருக்கள்மடத்தில் எங்கள் வீட்டு வாசலில் பிடித்த குளிர் அது. எங்கள் வீடு என்று எழுதிவிட்டேன். அந்த 'எங்கள்' என்ற சொல்லில்தான் சிக்கலே.

அன்று மத்தியானம் கந்தோரில் வேலையாக இருந்தபோது மகளின் கணித டீச்சர் எனக்குப் போன் எடுத்தார். அவர் குரலுக்குப் பின்னால் பெரிய கூச்சல்.

"உங்கட மகள் என்னை வகுப்புக்குள்ள விடுறா இல்ல."

எனக்கு விளங்கவில்லை. "டீச்சர், நீங்க இப்ப எங்க நிக்கிறீங்க?"

"வெளிய!"

மகள் நாலாம் ஆண்டு. அடுத்த வருடம் புலமைப்பரிசில் பரீட்சை. அதனால் கிழமைக்கு ஒரு தடவை வரும் விளையாட்டுப் பாடத்தைக் கணிதம் விழுங்கிக்கொண்டே இருந்தது. மாரி வந்துவிட்டால் மைதானம் குளமாகிவிடும். பிறகு அங்கே கொக்குகள்தான் விளையாடும். அன்று வெயில் இருந்தது. மேகமும் இருந்தது. என் மகள் வானத்தைப் பார்த்திருக்கிறாள், பாட அட்டவணையைப் பார்த்திருக்கிறாள், டீச்சர் சோக்குக் கட்டி எடுக்கப் போன நேரம் பார்த்துக் கதவைப் பூட்டியிருக்கிறாள். மேசைகளைச் சுவரோடு தள்ளி, தரையில் கோடு கீறி, உள்ளே கிளித்தட்டு விளையாட்டு. பள்ளிக்கூட அதிபரே வந்து கதவைத் தட்டினாராம். "பாடம் முடிய இன்னும் நேரம் இரிக்கி சேர்" என்று உள்ளேயிருந்து மரியாதையாகப் பதில் வந்ததாம். மணி அடித்ததும் அவளே கதவைத் திறந்து, பிள்ளைகளை வரிசையாக வெளியே விட்டாளாம்.

அதிபரின் தீர்ப்பு பின்னேரம் வந்தது. நாளைக் காலையில் வகுப்புக்கு முன்னால் நின்று டீச்சரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். இல்லையென்றால் 'பி' வகுப்புக்கு மாற்றம். முதலாம் ஆண்டிலிருந்து ஒரே வாங்கில் பக்கத்தில் உட்கார்ந்து ஒட்டிக்கொண்டிருக்கும் அவளுடைய சிநேகிதி 'ஏ' வகுப்பிலேயே இருப்பாள். ஆளை விட்டுப் பிரித்தால் இவள் சோறு தின்னமாட்டாள் என்று எனக்குத் தெரியும். மன்னிப்பு என்ற சொல் இவள் வாயிலிருந்து இதுவரை வந்ததில்லை என்பதும் தெரியும்.

வீட்டுக்கு வந்து, உடுப்பு மாற்றிச் சாரத்தைக் கட்டினேன். மகள் மீன் குழம்பும் சோறுமாக மும்முரமாக இருந்தாள்.

"நாளைக்கு டீச்சர்ட்ட மன்னிப்புக் கேக்கணும்."

"ஏன்? எங்கட பாடத்த எடுத்தது அவ. அவதான் கேக்கணும்."

அடிக்கமாட்டேன் என்று அவள் பிறந்த அன்றே எனக்கு நானே சொல்லிக்கொண்டவன் நான். என் அப்பா பூவரசங்கம்பு முறிக்கும் சத்தத்திலேயே எனக்குக் காய்ச்சல் வந்துவிடும். ஆனால் கம்பைக் கீழே போட்டவனுக்குக் கையில் வேறென்ன மிச்சம் இருக்கிறது என்று யாரும் சொல்லித்தரவில்லை. முழங்காலில் நிற்கச் சொன்னேன். நின்றாள். தலையணை வைக்கலாமா என்று கேட்டாள். வைக்கக் கூடாது என்றேன். பூனை வந்து மடியில் ஏறப் பார்த்தது. இரண்டு பேரும் கதைக்கத் தொடங்கினார்கள். தண்டனை ஒரு சுற்றுலாவாகிக்கொண்டிருந்தது. எனக்குக் கோபம் தலைக்கேற, வாயில் வந்ததைச் சொன்னேன்.

"வெளிய போ!"

அவள் எழும்பினாள். அழவில்லை. முழங்காலைத் தட்டிவிட்டு, என்னைப் பார்த்து மிக அமைதியாகச் சொன்னாள்.

"இது என்ர வீடு."

எங்கள் பக்கத்து வழக்கம் தெரியாதவர்களுக்காக ஒன்று சொல்கிறேன். மட்டக்களப்பில் பெண்பிள்ளைக்கு வீடு கொடுத்துத்தான் கலியாணம். மாப்பிள்ளைதான் பெட்டியோடு மனைவியின் வீட்டுக்கு வந்து குடியேற வேண்டும். இந்த வீடு என் மனைவிக்கு அவள் தாய்வீட்டார் கொடுத்தது. மனைவிக்குப் பிறகு மகளுக்கு. வருகிற சொந்தக்காரர்கள் எல்லாம் இவள் கன்னத்தைக் கிள்ளி, "உனக்குத்தான்கா இந்த வீடு" என்று சொல்லிவிட்டுத்தான் தேத்தண்ணியே குடிப்பார்கள். பிள்ளை கேட்டுக்கொண்டுதானே இருந்திருக்கிறது.

"ஆர் சொன்ன?" என்றேன்.

"எல்லாரும்தான். அம்மாட வீடு, மறுகா என்ர வீடு. நீங்க வந்து இரிக்கிற ஆள்தானே அப்பா."

உண்மை. சட்டமும் அவள் பக்கம், சனமும் அவள் பக்கம். ஒரு தகப்பனுக்கு அந்த நேரத்தில் மிச்சம் இருந்தது ரோஷம் மட்டும்தான். "சரி, உன்ர வீட்ட நீயே வெச்சிரு" என்று சொல்லிவிட்டு, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வெளியே இறங்கினேன். பின்னால் ஓடிவருவாள், "அப்பா" என்று காலைக் கட்டிக்கொள்வாள் என்று ஒரு எதிர்பார்ப்பு.

டக்.

அந்த நேரம் பார்த்து மழையும் வந்தது. கடலுக்கும் ஆற்றுக்கும் நடுவில் ஒடுங்கிக் கிடக்கிற ஊர் எங்களுடையது; வாவியை நாங்கள் ஆறு என்றுதான் சொல்வோம். வாடைக்காற்று கடல் பக்கமிருந்து மழையைத் தூக்கிக்கொண்டு ஆற்றுக்கு ஓடும். வழியில் என் பெனியன் நின்றது. தாழ்வாரத் தகரம் பேருக்குத்தான். சாரல் குறுக்கால் அடித்தது. தென்னைகள் தலையை விரித்து ஆடின. என் போன் உள்ளே சார்ஜில்.

பக்கத்து வீட்டு அக்கா வேலிக்கு மேலால் தலையைப் போட்டார். காய்ந்த உடுப்பு எடுக்க வந்தவர் என்னைக் கண்டதும் உடுப்பை மறந்துவிட்டார்.

"என்ன தம்பி, மழைக்க நிக்கிறீங்க?"

"சும்மா அக்கா. காத்து வாங்கிறன்."

"நல்லா வாங்குங்க." சிரிப்பை முந்தானைக்குள் போட்டார். பிறகு எங்கள் யன்னலைப் பார்த்துக் கத்தினார். "புள்ள, அப்பா நனையிறார்கா!"

உள்ளேயிருந்து பதில்: "தெரியும்!"

ரோட்டால் போன சைக்கிள்கள் மெதுவாகின. ஒருவர், "மச்சான், வீட்டுக்காரி துரத்திப்போட்டாளா?" என்று கேட்டுவிட்டு மிதித்தார். வீட்டுக்காரிதான், ஆனால் நீ நினைக்கிற வீட்டுக்காரி இல்லை என்று அந்த மழையில் யாருக்கு விளக்குவது?

அப்படியே நிற்கும்போது மனைவியின் ஸ்கூட்டி வந்தது. அவள் ஆஸ்பத்திரியில் தாதி. பகல் முழுக்க நோயாளிகளின் புலம்பலைக் கேட்டுவிட்டு வருகிறவளுக்கு வீட்டில் புலம்பல் கேட்கப் பொறுமை இருக்காது. மழைக்கோட்டோடு நின்று என்னைக் காலிலிருந்து தலை வரைக்கும் பார்த்தாள். மகள் கதவைத் திறந்தாள். நான் ஒரு பக்கம், மகள் ஒரு பக்கம், இரண்டு வழக்கும் ஒரே நேரத்தில் ஓடின. வகுப்பறை, அதிபர், கிளித்தட்டு, 'வெளிய போ', 'என்ர வீடு'.

மனைவி மழைக்கோட்டை உதறி ஆணியில் கொழுவினாள்.

"வீடு ஆர்ட பேரில இரிக்கி?"

மகள், "உங்கட பேரில" என்றாள், கொஞ்சம் குரல் இறங்கி.

"நான் செத்துப்போனனா?"

"இல்லம்மா."

"அப்ப ரெண்டு பேரும் வெளிய நில்லுங்க. நாளைக்கு என்ன செய்யிற எண்டு முடிவெடுத்துட்டு வந்து கதவத் தட்டுங்க."

டக்.

நான் ஏற்கெனவே நனைந்தவன்; எனக்குப் புதிதாக நட்டமில்லை. மகளைச் சுவர் பக்கம் நிறுத்திச் சாரலுக்குக் குறுக்கே நின்றேன். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்காமல் வேலியைப் பார்த்தோம். வேலிக்கு மேலால் அக்காவின் தலை மறுபடியும் வந்தது.

"இப்ப ரெண்டு பேருமா?" இந்த முறை அவர் சிரிப்பை ஒளிக்கவே இல்லை. தேத்தண்ணி ஊற்றித் தரவா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். மகள் என் சாரத்துக்குப் பின்னால் முகத்தைப் புதைத்தாள்.

பிறகுதான் பெரிய அடி. டியூசன் விட்டு வந்த பிள்ளைகள் குடைகளோடு ரோட்டில் போனார்கள். அவளுடைய பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள். ஒருத்தி நின்று பார்த்தாள். மற்றவளின் தோளில் தட்டிக் காட்டினாள். சிரிப்பு மழையைத் தாண்டி வந்து எங்கள் வாசலில் விழுந்தது. மகளின் விரல்கள் என் சாரத்தை இறுக்கின.

அவர்கள் போன பிறகும் அவள் பிடியை விடவில்லை. தகரத்தில் மழை கொட்டிக்கொண்டிருந்தது.

"அப்பா."

"ம்."

"டீச்சரும் இப்பிடித்தான் நிண்டா."

எனக்குப் பெரிய பிரசங்கம் ஒன்று தொண்டை வரை வந்தது. நல்லவேளை, தும்மல் முந்திக்கொண்டது.

"கதவு ஓட்டையால நான் பாத்தன். அஞ்சாம் ஆண்டுப் புள்ளைகள் போகக்க டீச்சரப் பாத்துச் சிரிச்சாங்க. அவ பேசல்ல. கையில இரிந்த சோக்குக் கட்டிய உடைச்சி உடைச்சிப் போட்டுட்டு நிண்டா." என் சாரத்து நுனியை முறுக்கினாள். "அப்ப எனக்கும் சிரிப்பு வந்த."

"இப்ப?"

"இப்ப வருதில்ல."

அந்த வாசலில் எனக்கும் ஒரு கணக்கு இருந்தது. ஒன்பது வயதுப் பிள்ளையைப் பார்த்து வெளியே போ என்றவன் நான்தானே. "உன்னைப் போகச் சொன்னது எனக்கும் பிழைதான் மகள்" என்றேன். அவள் பெருந்தன்மையாகத் தலையாட்டினாள். வீட்டுக்காரி அல்லவா. பிறகு தானே போய்க் கதவைத் தட்டினாள்.

"ஆரு?" என்று உள்ளேயிருந்து குரல்.

"நான்தான். நாளைக்கு மன்னிப்புக் கேப்பன். அப்பாவும் பிழை எண்டு சொல்லிட்டார். திறங்கம்மா, அப்பா தும்முறார்."

கதவு திறந்தது. தலை துவட்ட இரண்டு துவாயும் கொத்தமல்லித் தண்ணியும் ஆயத்தமாக இருந்தன.

அடுத்த நாள் அவள் மன்னிப்புக் கேட்டாள். 'ஏ' வகுப்பிலேயே இருந்தாள். மைதானம் காய்ந்தபோது விளையாட்டுப் பாடமும் திரும்பி வந்தது. நான் அதற்குப் பிறகு இந்த வீட்டில் யாரையும், பூனையைக்கூட, வெளியே போ என்று சொன்னதில்லை. சொல்ல எனக்கு உரிமை இல்லை என்பது ஒரு காரணம். கதவுக்கு வெளியே நிற்கிற ஒருவரை எத்தனை கண்கள் பார்க்கின்றன என்று என் முதுகுக்கு இன்னும் ஞாபகம் இருப்பது மற்றது. ஆனால் மனதில் அடிக்கடி வந்து நிற்பது அந்த மழைகூட இல்லை. மறுநாள் காலை பள்ளிக்கூடக் கேற்றடியில், சப்பாத்தைக் கையில் தூக்கிக்கொண்டு, முற்றத்தில் தேங்கிய மழைத்தண்ணீருக்குள் இறங்குமுன் அவள் எனக்குக் கொடுத்த கட்டளைதான்.

"மன்னிப்ப நான் கேக்கிறன். நீங்க அதிபர்ட்டப் போய் எங்கட விளையாட்டுப் பாடத்தக் கேளுங்க. அதப் பெரிய ஆக்கள் கேட்டாத்தான் தருவாங்க."

"நானா? அதிபர்ட்டயா?"

"ஏன் அப்பா, பயமா இரிக்கா?"

"கொஞ்சம்."

"எனக்கும்தான். நான் இந்தப் பக்கம் போறன். நீங்க அந்தப் பக்கம் போங்க."