வாடகைக்கு வீடு கேட்டால் கேசரி தருவார்களா?

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஒரு வைகாசி முகூர்த்த நாளில், மதுரை சிம்மக்கல் பக்கம் நடந்தது இது. நாங்கள் வாடிப்பட்டியில் விவசாயக் குடும்பம். என் மகளுக்கு மதுரையில் ஒரு மருத்துவமனை லேபில் வேலை கிடைத்திருந்தது. ஷிப்ட் மாறி மாறி வருவதால் தினமும் பஸ்ஸில் போய்வர முடியாது. ஹாஸ்டல் சாப்பாடு காலேஜோடு போதும் என்று சொல்லிவிட்டாள். அவளும் கூட வேலை பார்க்கும் தோழியும் சேர்ந்து தங்க ஓர் இடம் வேண்டும். வார்டன் இல்லாத இடத்தில் முதல்முறையாக இருக்கப் போகிறாள். எந்த ஏரியா, எந்தத் தெரு என்பதில் தப்பு செய்துவிடக் கூடாதே என்று எனக்கு ஒரு மாதமாகச் சரியான தூக்கமில்லை.

மதுரையில் எங்கே தங்கலாம் என்று மட்டும் யாரிடமும் கேட்டுவிடாதீர்கள். தாங்கள் குடியிருக்கும் ஏரியாவைத் தவிர மற்றதெல்லாம் மனிதர் வாழ லாயக்கில்லை என்று நிரூபித்துவிடுவார்கள். அண்ணா நகரில் இருக்கும் என் நாத்தனார், "சிம்மக்கல்லா? லாரிச் சத்தத்துல காது போயிரும்" என்றார். டவுனுக்குள் இருக்கும் சித்தப்பா மகனோ, அண்ணா நகரில் பக்கத்து வீட்டில் ஆள் இருப்பதே பொங்கலுக்குப் பொங்கல்தான் தெரியும் என்றான். கீழக்குயில்குடிப் பக்கம் புதிதாக வீடு கட்டிய ஒருவர் மலைக்காற்று, மயில் என்று ஆசை காட்டினார். பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டேன். பேச்சை மாற்றிவிட்டார்.

எனக்கு இதில் ஒரு தனி வழி உண்டு. அதைப் பற்றிக் கொஞ்சம் கர்வமும் உண்டு. வீட்டுக்காரரிடம் எதையும் கேட்கக் கூடாது, தெருவில்தான் கேட்க வேண்டும். அதிலும் 'வாடகைக்கு' என்று வாயைத் திறந்தால் எங்கிருந்தாவது ஒரு புரோக்கர் முளைத்துவிடுவார். அதனால் வந்த காரியத்தைச் சொல்லாமலே விசாரிக்க வேண்டும்.

அன்று மதுரையில் ஒரு கல்யாணம். பந்தியில் பக்கத்து இலையில் இருந்த அம்மா, சிம்மக்கல்லில் தனக்குத் தெரிந்த வீட்டில் மாடி காலியாக இருப்பதாகச் சொன்னார். கையைக் கழுவிய கையோடு கிளம்பிவிட்டோம். நான் பட்டுச்சேலை, என் கணவர் வெள்ளை வேட்டி சட்டை. வெறுங்கையோடு எப்படிப் போவது என்று வழியில் ஆப்பிளும் நாலு முழம் மல்லிகைப்பூவும் வாங்கிக்கொண்டேன்.

தெருமுனையில் தள்ளுவண்டியில் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தவரிடம் ஆரம்பித்தேன்.

"அண்ணே, அந்தப் பச்சைக் கேட்டு வீட்டுக்காரங்க எப்படி? சண்டை சச்சரவு இல்லாத ஆளுகளா?"

அவர் என்னைப் பார்த்தார், பூவைப் பார்த்தார், பெட்டியை நிமிர்த்தி வைத்தார். "தங்கமான குடும்பம்க்கா. அந்த மனுசன் ஒருத்தர ஒரு சொல்லு சொன்னதில்ல. யோசிக்கவே வேணாம்."

மளிகைக்கடை அம்மா அதற்கும் ஒரு படி மேலே போனார். அந்த வீட்டிலிருந்து சத்தமாக ஒரு பேச்சு வந்து பத்து வருடத்தில் கேட்டதில்லையாம். தண்ணீர் எந்நேரமும் வருமாம். "கொசு?" என்றேன். "இங்க ஏதுக்கா கொசு?" என்றார். வைகைக்கரை ஓரத்தில் கொசு இல்லாத தெரு என்றதுமே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. நாங்கள் திரும்பியதும் அவர் அவசரமாக யாருக்கோ போன் போட்டார்.

அந்த வீட்டை நெருங்கும்போது, எதிர்வீட்டிலிருந்து இரண்டு குஷன் நாற்காலிகள் உள்ளே போய்க்கொண்டிருந்தன. வாசலிலேயே வீட்டுக்காரரும் அவர் மனைவியும் கைகூப்பி வரவேற்றார்கள். நான் வாங்கிப்போன பூவை அந்த அம்மா கண்ணில் ஒற்றிக்கொண்டு சாமி படத்தடியில் வைத்தார். கேசரி வந்தது, பஜ்ஜி வந்தது.

"மாடி ரூமுக்கா இம்புட்டு மருவாதி?" என்று என் கணவர் காதில் கிசுகிசுத்தார்.

"பேசாம சாப்பிடுங்க. டவுன்காரங்க இப்படித்தான்" என்றேன், பெரிதாகத் தெரிந்தவள் மாதிரி.

அவர்கள் மகள் காபி கொண்டுவந்தாள். இருபத்தெட்டு வயது இருக்கும். பட்டுச்சேலையில் பீரோ மடிப்புக்கோடு அப்படியே இருந்தது. வேலைக்குப் போகிறாளா, எத்தனை மணிக்குத் திரும்புவாள், தெருவில் பயமில்லாமல் நடக்கலாமா என்றெல்லாம் கேட்டேன். நிதானமாகப் பதில் சொன்னாள். எனக்கு மனது குளிர்ந்துவிட்டது.

"எங்களுக்குப் பிடிச்சிருக்குங்க" என்றேன்.

அந்த அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. வீட்டுக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "மாப்பிள்ளையும் ஒரு தடவ வந்து பார்த்துட்டா நல்லது" என்றார்.

வாய் நிறையப் பஜ்ஜியோடு என் கணவர் சொன்னார்: "மாப்பிள்ளையா? எங்களுக்கு ஒரே பொண்ணுதாங்க. அது தங்குறதுக்குத்தான் மாடியப் பார்க்க வந்தோம்."

பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. அந்த வாரம் ஒரு மாப்பிள்ளை வீட்டார் தெருவில் விசாரித்துவிட்டு வருவதாகச் சொல்லியிருந்தார்களாம். போன தடவை யாரோ எதையோ சொல்லி ஒரு வரன் தட்டிப்போனதிலிருந்து தெருவே உஷாராக இருந்திருக்கிறது. ஒரு தாயின் ஆசையைக் கிளப்பிவிட்டு, அவர் கையால் கேசரியும் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறேனே என்று எனக்கு அவமானம் பிடுங்கித் தின்றது.

முதலில் சிரித்தது அந்தப் பெண்தான். "விடும்மா. இவுங்க எனக்குச் சமைக்கத் தெரியுமான்னு கேக்கலைல, அப்பவே எனக்குச் சந்தேகம்" என்றாள். அவள் சிரித்த பிறகுதான் எங்களுக்கு மூச்சு வந்தது. மன்னிப்புக் கேட்டுவிட்டு, மாடியைப் பற்றிப் பேச வாயே வராமல் வெளியே வந்தோம்.

வாசலுக்கு அந்தப் பக்கம் இஸ்திரி அண்ணனும் மளிகைக்கடை அம்மாவும் பரீட்சை ரிசல்ட்டுக்கு நிற்பதுபோல நின்றார்கள். விஷயத்தைச் சொன்னேன்.

"வாடகைக்குன்னு ஒரு வார்த்த சொல்லிருந்தா உள்ளதச் சொல்லிருப்போம்ல!" என்று கடைக்கார அம்மா கோபித்துக்கொண்டார். பிறகு உள்ளது வந்தது. தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள். கோடையில் மாடி அடுப்பு. கொசு வேண்டிய மட்டும். வீட்டுக்காரருக்கு மூக்கு நுனியில் கோபம். கேட்டுக்கு முன்னால் வண்டியை நிறுத்திய தகராறில் இஸ்திரி அண்ணன் அவரோடு பேசியே இரண்டு வருடம் ஆகிறதாம்.

"பிறகு எதுக்குண்ணே தங்கமான குடும்பம்னு சொன்னீக?"

"எனக்கும் அவருக்கும்தான்க்கா சண்ட. அதுக்கு அந்தப் புள்ள என்ன செய்யும்?"

கணவரைப் பார்த்தேன். அவரும் என்னைப் பார்த்தார். திரும்பி உள்ளே போய் மாடியைப் பேசி முடித்தோம்.

அந்தப் பெண்ணுக்கு அடுத்த தை மாதம் கல்யாணம் நடந்தது. அதற்கு முன் மாப்பிள்ளை வீட்டார் விசாரிக்க வந்தபோது, மாடிப்படியில் நிறுத்திக் கேட்டது என் மகளிடம். வீட்டுக்காரர் கத்துகிறார் என்று வாரம் தவறாமல் எனக்குப் போன் போட்டவள், அவருக்குக் கோபம் என்றால் என்னவென்றே தெரியாது என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொல்லியிருக்கிறாள். அதைக் கேட்ட அன்றுதான், மகளை எந்த இடத்தில் விட்டுவைத்திருக்கிறோமோ என்ற என் கவலை முழுதாகத் தீர்ந்தது.