எழாமல் போன மன்மதன்

போன வாரம் ஆஸ்பத்திரியில் மருந்து எழுதிய துண்டுச் சீட்டோடு வரிசையில் நின்றிருந்தேன். எனக்கு முன்னால் நின்ற அம்மா திரும்பி என் முகத்தையே பார்த்தார். நரைத்த மீசையும் குரங்குத் தொப்பியுமாக நின்ற என்னிடம், "நீங்க அந்த ரதிதானுங்களே?" என்றார். வரிசையே சிரித்தது. நானும் சிரித்துவைத்தேன்.

ஆமாம் ஐயா, நான்தான் ரதி. எட்டு வயதிலிருந்து ஐந்து மாசி மாதங்கள், இலங்கை மலைநாட்டில் லிந்துலைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்துக் காமன் கூத்தில் எனக்குத்தான் ரதி வேஷம். மன்மதன், எங்கள் லயத்து வீட்டு வரிசையில் பக்கத்துக் காம்பரா ராசு. சிவன் மன்மதனை எரித்துவிடுவார். மூன்றாம் நாள் காலையில் ரதி அழுவாள், அவன் எழுந்து வருவான். கதை அவ்வளவுதான். ஆனால் என் ஒப்பாரியைக் கேட்கப் பக்கத்துத் தோட்டத்துச் சனமும் மலையேறி வரும். மலையில் வேலை வாங்கும்போது எல்லாரையும் ஏசும் கண்டாக்கையாவே ஒருமுறை மூக்கைச் சிந்தினார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

தேங்காயெண்ணெய் போட்டுத் தேய்த்தாலும் அரிதார வாசம் இரண்டு நாளைக்குப் போகாது. அந்த வாசத்தோடு கொழுந்து நிறுக்கும் மடுவத்துப் பக்கம் போனால், "ஏய் ரதி, ஒம் புருசன் எங்கடி?" என்று பெண்கள் வம்புக்கு இழுப்பார்கள். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்னும். ராசுவுக்கு அதெல்லாம் கிடையாது.

ரதி அழாமல் மன்மதன் எழக்கூடாது. அது கூத்தின் சட்டம். ஒரு வருடம் எனக்கு நல்ல காய்ச்சல். என்னைப் போர்த்திக் கூட்டிவரும்வரை ராசுவைக் கூத்துக்கு நட்ட கம்பத்தடியில் வெள்ளைத் துணியால் மூடியே வைத்திருந்தார்கள். நான் போய் உட்கார்ந்ததும் துணிக்குள்ளிருந்து, "சீக்கிரம் அழுவுடா, பசிக்குது" என்றான், பாவி.

பதின்மூன்றில் என் குரல் உடைந்தது. வேஷம் வேறொரு பயலுக்குப் போனது. மேடை ருசி கண்டவன் சும்மா இருப்பானா? பிறகு ஹட்டன் டவுனில் ஒரு முஸ்லிம் நானாவின் துணிக்கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். அவர் மகனிடம் ஒரு கிட்டார் இருந்தது. அதை நம்பி நாலு பேர் பொப் பாட்டுக் கோஷ்டி ஆரம்பித்தோம். இறுக்கமான கால்சட்டை, நெற்றியில் சுருட்டிவிட்ட முடி, கல்யாண வீடுகளில் பாட்டு. கூத்து என்று யாராவது பேச்செடுத்தால் மெல்ல நழுவிவிடுவேன்.

அப்போதுதான் ராசு குடும்பத்துக்கு, இரண்டு நாட்டு ஒப்பந்தப்படி ஒரேயடியாக இந்தியா போக அரசாங்கக் கடுதாசி வந்தது. வழியனுப்ப ஸ்டேஷனுக்குப் போனேன். கோஷ்டிப் பயல்களும் கூடவே வந்தார்கள். ரயில் கோச்சி ஜன்னலில் ராசு. அவன் கண் கலங்கியிருந்தது, வாய் சிரித்தது.

"ரதி, நான் போறேன். ஒருதரம் அழுவுடி."

லயத்துச் சனம் என்னையே பார்த்தது. பின்னால் கோஷ்டிப் பயல்கள் களுக்கென்று சிரித்தார்கள். ஒப்பாரி தொண்டைவரை வந்துவிட்டது, சத்தியமாக. என் பாழாய்ப்போன கௌரவம்!

"சும்மா இருடா. போயி காயிதம் போடு" என்றேன்.

கோச்சி கிளம்பிவிட்டது.

காயிதம் வரவில்லை. இரண்டு வருடத்தில் கோஷ்டி கலைந்தது. கிட்டார் கொழும்புக்குப் போனது. அப்புறம் எங்கள் லயத்தில் பாதிப் பேர் கப்பலேறினார்கள். கம்பம் நட்ட இடத்தில் இப்போது கோவா, அதான் முட்டைக்கோஸ், போட்டிருக்கிறார்கள். அந்த ஒப்பாரி எனக்கு முழுசாக நினைவிருக்கிறது. கேட்கத்தான் ஆளில்லை.

மருந்தை வாங்கிக்கொண்டு அந்த அம்மா திரும்பி வந்தார்.

"ஒங்க மன்மதன் எங்கங்க?"

"இந்தியா போயிட்டாங்கம்மா."

"அப்புறம் வரவே இல்லையா?"

"இல்லைங்க" என்றேன். நான் அழவில்லையே, எப்படி வருவான்?